தேய்ந்த தட்டுகளுக்காக ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பது குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். சோல்-ஜாஸ், ஜாஸ்-ஃபங்க் என்ற ஜாஸ் வகைகளின் பெயர்களைத் தமிழ் நாளிதழ் ஒன்றில் காண்பதே அரிது என்பதால், முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுரையாளர் அந்தத் தட்டுகளைத் தங்கக் காசுகளைப் பார்ப்பது போலவே பார்த்திருக்கிறார். எந்த நிறுவனத்தின் எந்தப் பதிப்பை வாங்கி உறை கலையாமல் அலமாரியில் வைத்திருந்தால் பின்னாளில் எவ்வளவு தேறும் என்பதும், தேய்மானம் தெரியும் தட்டை ஏன் தொடவே கூடாது என்பதும்தான் கட்டுரையின் சாரம். அதில் உள்ள இரண்டு தகவல்களைத் திருத்தவும், தேய்ந்த தட்டுகளைப் பற்றி அது சொல்வதை மறுக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சி மாநிலத்தில், டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஃபிலடெல்ஃபியா நகருக்கு எதிர்க்கரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். இந்த இசை வளர்ந்த தெருக்கள் என் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கின்றன. என்னிடம் உள்ள முந்நூற்றுச் சொச்சம் தட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றுவட்டாரத்துப் பழைய பொருள் கடைகளிலும், வீடு காலி செய்வோர் முற்றத்தில் பரப்பி விற்கும் இடங்களிலும் கிடைத்தவை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. தட்டுகள் எந்த வீடுகளிலிருந்து, எந்த நிலையில் வெளியே வருகின்றன என்பதை நேரில் பார்த்ததால்தான் என் கருத்து கட்டுரையின் கருத்துக்கு மாறாக அமைந்தது.

சோல்-ஜாஸ் என்பது ஜாஸ் இசையின் நீர்த்துப்போன வணிக வடிவம் என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அக்காலத்து விமர்சகர்கள் பலர் இப்படித்தான் எழுதினார்கள். ஆயினும் இது சரியல்ல. 1950களின் நடுப்பகுதியில், பீபாப் என்ற ஜாஸ் வகை வேகமும் நுட்பமும் மிகுந்து, நடனக் கூடத்தை விட்டு விலகி, அமர்ந்து உற்றுக் கேட்பவர்களுக்கான கலையாகிவிட்டிருந்த நேரத்தில், கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களையும் ப்ளூஸையும் காலைத் தட்டவைக்கும் தாளத்தையும் ஜாஸுக்குள் சில கலைஞர்கள் திரும்ப அழைத்துவந்தார்கள். பியானோக் கலைஞர் ஹோரஸ் சில்வர் 1955இல் 'த பிரீச்சர்' என்ற பாடலைப் பதிவு செய்தபோது, ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தை நிறுவிய ஆல்ஃப்ரெட் லயனே அது மிகவும் பழம்பாணியாக இருக்கிறதென்று வெளியிடத் தயங்கினார். சில்வர் பிடிவாதமாக இருந்ததால் அந்தப் பாடல் பிழைத்தது. பின்வந்த பலருக்கு அதுவே வழியும் காட்டியது.

இந்த இசையின் உயிர்நாடி ஹேமண்ட் ஆர்கன். லாரன்ஸ் ஹேமண்ட் 1930களில் உருவாக்கிய இந்த மின் ஆர்கன், பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு விற்கப்பட்டு, அந்த வழியாகவே கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. பி-3 என்ற புகழ்பெற்ற மாதிரியின் உள்ளே 91 பல்சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருக்கும். இசைப்பவர் இழுவைக் கட்டைகளை உள்ளும் வெளியும் நகர்த்தி, அந்தச் சக்கரங்கள் தரும் ஒலிகளை வேண்டிய விகிதத்தில் கலந்துகொள்வார். மரப்பெட்டிக்குள் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக அந்த ஒலி வெளிவரும்போது ஏற்படும் நடுக்கத்தை எழுத்தில் விளக்க என்னால் இயலாது. இருக்கையும் மிதிகட்டைகளும் சேர்ந்தால் கருவியின் எடை 180 கிலோவைத் தாண்டும்; இதை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், மதுக்கடைகளின் குறுகிய வாசல் வழியாக நாலு பேர் பிடித்து இறக்கி வாசித்தார்கள். இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு: அடிநாதத்தை ஆர்கன் கலைஞரே இடது கையாலும் காலாலும் வாசித்துவிடுவதால், கடைக்காரர் பாஸ் கலைஞருக்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆர்கன், கிட்டார் அல்லது சாக்ஸஃபோன், டிரம்ஸ் என்று மூன்றே பேர் ஒரு பெரிய வாத்தியக் குழுவின் ஓசையால் கூடத்தை நிரப்பிவிடுவார்கள்.

இதைச் செய்துகாட்டியவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே நாரிஸ்டவுனில் பிறந்த ஜிம்மி ஸ்மித். முதலில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த அவர், ஆர்கன் ஒன்றை வாங்கிக் கிடங்கில் வைத்து நெடுநாள் தனியாகப் பயின்று, 1956இல் ப்ளூ நோட் நிறுவனத்துக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து இந்தச் சுற்றுவட்டாரமே ஆர்கன் கலைஞர்களை உற்பத்தி செய்யும் பட்டறையாகிவிட்டது. காவல்துறையில் பணியாற்றிவிட்டு இசைக்கு வந்த ஜிம்மி மெக்கிரிஃப், ஆர்கனின் அரசி என்று அழைக்கப்பட்ட ஷர்லி ஸ்காட், டிரூடி பிட்ஸ், சார்ல்ஸ் எர்லண்ட் ஆகிய அனைவரும் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்தவர்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கேம்டன் நகரில் பிறந்தவர் ரிச்சர்ட் 'குரூவ்' ஹோம்ஸ். எர்லண்ட் முதலில் மெக்கிரிஃபின் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தவர். எதிரில் இருந்த ஆர்கன் அவரை இழுத்துக்கொண்டது. ஷர்லி ஸ்காட்டின் பெயரைக் கட்டுரை சொல்லாமலே விட்டது எனக்கு வருத்தம்தான். ஆண்களே நிறைந்த அந்த மேடைகளில் 1950களிலிருந்தே தம் பெயரில் தட்டுகளை வெளியிட்ட அவருடைய வாசிப்பில், மற்றவர்கள் ஆரவாரமாகச் சொன்னதை அடக்கமாகச் சொல்லும் ஒரு சுருக்கம் உண்டு. தட்டுச் சந்தையிலோ அவருடையவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

இனி, தேய்மானத்துக்கு வருகிறேன். இந்தத் தட்டுகளை வாங்கியவர்கள் சேகரிப்பாளர்கள் அல்லர். ஆலையிலும் துறைமுகத்திலும் மருத்துவமனையிலும் வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு வீடு திரும்பிய மக்கள் அவர்கள். ஐந்தாறு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டில் கோத்துவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழுந்து ஓடும் பிளேயர்கள்தாம் அன்று பல வீடுகளில் இருந்தன. அவற்றின் மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி) இருந்த ஊசிகள் ஐந்து கிராமுக்கும் அதிகமான அழுத்தத்தோடு தட்டின் மேல் ஊர்ந்தன; இன்றைய நல்ல பிளேயர்களில் அது இரண்டு கிராம் அளவில்தான் இருக்கிறது. வீட்டு விருந்துகளில் தட்டுகள் கைமாறின. தட்டு திரும்பி வரவேண்டும் என்பதற்காக உரியவர்கள் லேபிளின் மேலேயே பெயரெழுதி வைத்தார்கள். ஒரு பக்கம் முழுவதும் நீளும் பாடல்களை இரண்டாக வெட்டி, முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறுதட்டின் இரு பக்கங்களிலும் பதித்து, மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்களுக்கு நிறுவனங்களே அனுப்பின. இவ்வளவு புழங்கிய பொருள் புதிது போல் மிஞ்சுவது எப்படி? ஒரு சோல்-ஜாஸ் தட்டு இன்று பளபளப்பாகக் கிடைத்தால், ஒன்று அது கடையில் விற்காமல் கிடந்திருக்க வேண்டும், அல்லது வாங்கியவருக்கு அது பிடிக்காமல் போயிருக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவந்த தட்டுகள் எந்தக் கதியில் இருந்தன என்பதை நினைவில் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

திருத்தங்களைச் சொல்லிவிடுகிறேன். ப்ளூ நோட் தட்டின் லேபிளைச் சுற்றி ஆழமான வட்டப் பள்ளம் இருந்தால் அது முதல் பதிப்பே என்று கட்டுரை உறுதியாகச் சொல்கிறது. அந்தப் பள்ளம், தட்டை அழுத்தி வார்க்கும் அச்சின் தடம் மட்டுமே. ஆலையில் பழைய அச்சுகளும் புதியவையும் கலந்தே புழங்கியதால், உண்மையான முதல் பதிப்பில் அது ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும், பிந்தைய பதிப்பில் இரண்டு பக்கமும் இருப்பதும் உண்டு. இரண்டாவதாக, பாடல் முடிந்தபின் லேபிளுக்கு முன் வரும் வழவழப்பான வளையத்தில் காது போன்ற சிறு குறி இருந்தால் அது ப்ளூ நோட் நிறுவனரின் முத்திரை என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது தட்டுகளை வார்த்துக் கொடுத்த பிளாஸ்டிலைட் என்ற ஆலையின் குறி. ப்ளூ நோட்டை லிபர்ட்டி நிறுவனம் வாங்கியபின் 1966இல் அந்த ஆலையோடான தொடர்பு முடிந்தது. ஆகவே காது இருந்தால் அத்தட்டு அதற்கு முற்பட்டது என்று அறியலாம். எத்தனையாவது பதிப்பு என்பதை அந்தக் குறி மட்டும் சொல்லாது. லேபிளில் உள்ள முகவரியும் தனியாக நம்பத் தக்கதல்ல, ஏனெனில் கையிருப்பில் மிஞ்சிய பழைய லேபிள்களைப் புதிய உரிமையாளர்களும் ஒட்டித் தீர்த்தார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். பணத்தைக் கொட்டத் துடிக்கும் புதியவர்களுக்கு ஒரே அடையாளத்தைச் சொல்லிக்கொடுப்பது ஆபத்தானது.

அதே வளையத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு குறி, பொறிக்கப்பட்டிருக்கும் வான் கெல்டர் என்ற பெயர். ஒலிப்பதிவாளரான ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் நகரில் தம் பெற்றோரின் வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் மர வளைவுகள் தாங்கும் உயர்ந்த கூரையோடு தேவாலயம் போன்றதொரு கூடத்தைக் கட்டியபின்தான் அவர் கண்கண்ணாடித் தொழிலை முற்றாக விட்டார். ஜிம்மி ஸ்மித் 1960 ஏப்ரலில் ஸ்டான்லி டரண்டைன் (சாக்ஸஃபோன்), கென்னி பரல் (கிட்டார்), டொனால்ட் பெய்லி (டிரம்ஸ்) ஆகியோருடன் அங்கு வாசித்த ஒரே அமர்விலிருந்து 'பேக் அட் த சிக்கன் ஷாக்', 'மிட்நைட் ஸ்பெஷல்' என்ற இரண்டு தட்டுகள் பிறந்தன. ஆர்கனின் அடிநாதத்தைத் தட்டின் குறுகிய தடத்துக்குள் இவ்வளவு திடமாகச் செதுக்கிய கை வான் கெல்டருடையது. தம் பதிவுகளுக்கான தாய்த்தட்டுகளை, அதாவது பிரதிகள் வார்க்க மூலமாகும் தட்டுகளை, அவரே வெட்டியதால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு. இந்தக் குறி உள்ள தட்டு, பத்துக் கைகள் மாறித் தேய்ந்திருந்தாலும், அந்தச் செதுக்கலில் பெரும்பகுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதே என் அனுபவம்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், கட்டுரை அறிவுரைப்பது போலவே, ஏறத்தாழப் புதிது என்று தரம் குறிக்கப்பட்ட ஒரு தட்டை 180 டாலர் கொடுத்துத் தபாலில் வரவழைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி போல் மின்னியது. ஊசியை வைத்ததும் உரத்த இடங்களில் எல்லாம் சாக்ஸஃபோன் கரகரத்தது. விற்றவர் தட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் குறித்திருந்தார். மழுங்கிய ஊசியால் பலமுறை ஓட்டப்பட்ட தட்டில் தடத்தின் சுவர்கள் சிதைந்திருந்தாலும் மேற்பரப்பு பளபளக்கும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியவில்லை. அதே மாதத்தில் ஆறு டாலருக்கு வாங்கிய மற்றொரு தட்டோ மெல்லிய கீறல்களால் சிலந்தி வலை பின்னியது போல் இருந்தது. காய்ச்சி வடித்த நீரால் கழுவித் துடைத்து ஓட்டியபோது, இடையிடையே சிறு சொடுக்கொலிகள் கேட்டனவே தவிர, இசையில் குறையேதும் இல்லை. கீறல் வேறு, தேய்மானம் வேறு. தேய்மானத்துக்கும் ஓரளவு மருந்து உண்டு: பழைய மோனோ (ஒற்றை ஒலிவழி) தட்டுகளின் தடத்தில் அக்காலத்துத் தடித்த ஊசி உரசிச் சென்ற உயரம் ஒன்று, இன்றைய மெல்லிய ஊசி முனை தடத்தின் சுவரில் வேறு உயரத்தில் அமர்கிறது. ஊசியை மாற்றியதும், அறுபது ஆண்டுகளாக எதுவும் தொடாத சுவரிலிருந்து இசை வருவதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். சேகரிக்கத் தொடங்கும் இளைஞர்களிடம் நூறு டாலர் இருந்தால், அதைத் தட்டில் போடுவதைவிட நல்ல ஊசியில் போடுவது நன்று என்பேன்.

ஃபங்க் என்ற நடன இசையின் தாளத்தை ஜாஸோடு கலந்த 1970களின் ஜாஸ்-ஃபங்க் தட்டுகள் குறித்துக் கட்டுரை கூறுவதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்', டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டின் 'பிளாக் பேர்ட்' இரண்டும் 1973இல் வெளிவந்து பெருமளவில் விற்றவை. ஆகவே அவை இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, அரிய பொருள் என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடலாம். 'ஹெட் ஹண்டர்ஸ்' தட்டில் 'வாட்டர்மெலன் மேன்' தொடங்கும்போது கேட்கும் குழலோசை, தாளவாத்தியக் கலைஞர் பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதியது. மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் ஊதலிசையைத் தழுவியது. ஹான்காக் அதே பாடலை 1962இல் முதலில் பதிவு செய்தபோது, சிகாகோவின் சந்துகளில் தர்ப்பூசணி விற்றுவந்த வண்டியின் சக்கர ஓசையே அவர் மனத்தில் இருந்தது. இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டால், பதினோரு ஆண்டுகளில் இந்த இசை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். ஒன்றை மட்டும் வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்: 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் வினைல் மூலப்பொருள் தட்டுப்பாடானது. தட்டுகள் மெலிந்தன, பழைய தட்டுகளை உருக்கிய கலப்பும் சேர்ந்தது. அக்காலத்துத் தட்டு ஓடும்போது இரைந்தால் அது முந்தைய உரிமையாளரின் குற்றமல்ல.

இந்தத் தட்டுகளின் விலை ஏறியதற்கு ஹிப்-ஹாப் இசைதான் பெரும் காரணம் என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து இளம் கலைஞர்கள் மலிவுக் கூடைகளைக் கிளறி, சாக்ஸஃபோன் கலைஞர் லூ டொனால்ட்சன், கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீன் போன்றோரின் தட்டுகளிலிருந்து இரண்டு வினாடி டிரம்ஸையோ கிட்டாரையோ வெட்டியெடுத்துப் புதிய பாடல்களைக் கட்டினார்கள். நியூவார்க் நகரின் கிளிஷே லவுஞ்ச் என்ற சிறு கூடத்தில் 1970இல் பதிவான கிராண்ட் கிரீனின் 'அலைவ்!' தட்டின் ஒரு துண்டு, 1991இல் எ டிரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ஹிப்-ஹாப் குழுவின் பாடலில் மறுபிறவி எடுத்தது. கிரீன் 1979இலேயே இறந்துவிட்டார். விமர்சகர்கள் மலிவானதென்று ஒதுக்கியதை, பணமில்லாததால் மலிவுக் கூடையில் தேடியவர்கள் மீட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் மீட்டதும் தேய்ந்த தட்டுகளிலிருந்துதான். அந்தத் தட்டுகளின் சொடுக்கொலியைப் புதிய பாடல்களில் வேண்டுமென்றே விட்டுவைத்தவர்களும் உண்டு.

மறுபதிப்புகளை வாங்குவோரை ஏளனம் செய்யும் தொனியும் கட்டுரையில் இருந்தது, அது நியாயமல்ல. இப்போது ப்ளூ நோட் நிறுவனமே மூல ஒலிநாடாக்களிலிருந்து வெட்டி வெளியிடும் மறுபதிப்புகள், இரைச்சலற்ற வினைலில், ஓர் அசல் பதிப்பின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. தாய்த்தட்டு வெட்டத் தேவைப்படும் அரக்குத் தட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் உலகில் இரண்டே இருந்த நிலையில், அவற்றுள் கலிஃபோர்னியாவின் பானிங் நகரில் இருந்த ஆலை 2020 பிப்ரவரியில் எரிந்துபோய், ஜப்பானில் உள்ள ஒன்று மட்டும் மிஞ்சியது. அந்த இக்கட்டுக்கு நடுவிலும் இத்தொழில் நடக்கிறது என்பதே வியப்பு. மேலும், மறுபதிப்பிலும் பெரிய அட்டை உறை உண்டு, அதன் பின்புறத்தில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற விவரமும் உண்டு. கைபேசியில் பாட்டுக் கேட்பவருக்கு அந்தப் பெயர்கள் கண்ணிலேயே படுவதில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்த என் மகள், ஐட்ரிஸ் முகம்மது என்ற டிரம்ஸ் கலைஞரின் பெயர் லூ டொனால்ட்சன், கிராண்ட் கிரீன், சார்ல்ஸ் எர்லண்ட் என்று தட்டுக்குத் தட்டு வருவதைப் பதினொரு வயதில் தானாகக் கண்டுபிடித்து வந்து சொன்னாள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அந்த மனிதர்தான் இந்த அலமாரியில் பாதியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்பது அதுவரை எனக்கே உறைக்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பொருள் பற்றி மீண்டும் எழுத நேர்ந்தால், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் கலைஞர்களின் பெயர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். தேய்ந்த தட்டை வாங்காதீர்கள் என்பதற்கு மாறாக, வாங்கும் முன் ஊசியை வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

என்னிடம் சார்ல்ஸ் எர்லண்டின் 'பிளாக் டாக்!' தட்டு ஒன்று உள்ளது. 1969 டிசம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்தது. நான்கு டாலர் கொடுத்து வாங்கினேன். லேபிளின் மேல் நீல மையில் ஒரு பெண்ணின் பெயரும், அதன் கீழ் இரவல் கிடையாது என்ற எச்சரிக்கையும் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் பக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், 'மோர் டுடே தேன் எஸ்டர்டே' என்ற பதினொரு நிமிடப் பாடல் தொடங்கும் இடத்தில், ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே மீண்டும் வைத்ததால் விழுந்த சின்னச் சின்ன வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. கட்டுரையின் தர வரிசைப்படி இத்தட்டு கடைசிக்கு முந்திய படியில் நிற்கும். வெள்ளிக்கிழமை இரவுகளில் நானும் ஊசியை அந்த இடத்தில்தான் வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கேம்டன் மாவட்டம், நியூ ஜெர்சி